வார்னிங், அலர்ட், வாட்ச்: பாம்பன் கூண்டு உண்மையில் சொல்வது என்ன?

வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் கார்த்திகை மாதத்தில் ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட் என்று தொலைக்காட்சியில் ஓடும். மன்னார் வளைகுடாவுக்குச் செல்ல வேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்திருக்கும். கைப்பேசியில் உயர் அலை எச்சரிக்கை ஒன்று வந்து விழும். நான்குமே எச்சரிக்கைகள்தான். ஆனால் அவை சொல்லும் செய்தி ஒன்றல்ல.

தங்கச்சிமடத்தில் தாழ்வான தெருவில் குடியிருப்பவருக்குத் தேவையான செய்தி வேறு. விசைப்படகு வைத்திருப்பவருக்குத் தேவையானது வேறு. மண்டபத்தில் ராமேஸ்வரம் ரயிலுக்குக் காத்திருக்கும் யாத்ரீகருக்குத் தேவையானதும் வேறு. எல்லாமே ‘எச்சரிக்கை’ என்ற ஒரே பெயரில் வரும்போது, ஒருவர் தேவையில்லாமல் அஞ்சுகிறார். அஞ்ச வேண்டிய இன்னொருவர் வழக்கமான செய்திதானே என்று விட்டுவிடுகிறார்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே ‘வார்னிங்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு பெரிய சொற்கூட்டமே உண்டு. அன்றாடப் பேச்சில் அந்தச் சொற்களை ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைப் போடலாம். வானிலைத் துறையும் துறைமுகமும் ரயில்வேயும் அப்படிப் போடுவதில்லை. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படியை ஒதுக்கி வைத்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எல்லாத் துறையும் ஒரே படியை ஒதுக்கவில்லை.

அகராதியில் ஒரு குடும்பம்

முதலில் பொதுவழக்கு. ஆங்கில அகராதியில் ‘வார்னிங்’ என்று தேடினால் கிடைக்கும் பொருள்கள் ஏறத்தாழ இவை:

1. வரப்போகும் தீங்கை முன்கூட்டிச் சொல்வது. புயல், வெள்ளம், மின்கம்பத்தில் தொங்கும் அபாயப் பலகை, புகையிலைப் பொட்டலத்தின் படம் எல்லாம் இந்த வகை.
2. கண்டிப்பது. அலுவலகத்தில் தாமதமாக வருபவருக்குக் கொடுக்கும் மெமோ.
3. மிரட்டுவது. ‘இதுதான் கடைசி முறை’ என்பதும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.
4. அறிகுறி. உடலில் தோன்றும் நோய்க்குறியும், பழைய நம்பிக்கையில் சகுனமும் இதில் அடங்கும்.

தமிழில் இந்த நான்குக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன: முன்னறிவிப்பு, கண்டிப்பு, மிரட்டல், அறிகுறி. ஆனால் முதல் பொருளுக்குள்ளேயே ஆங்கிலம் வைத்திருக்கும் நுண்ணிய பிரிவுகளான வாட்ச், அலர்ட், காஷன், அட்வைசரி, சிக்னல், அவுட்லுக் ஆகிய எல்லாவற்றையும் நாம் ‘எச்சரிக்கை’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்துவிட்டோம். அந்தச் சொல்லின் அடிப்பொருளே விழிப்பு என்பதுதான். கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள அதன் உறவுச் சொற்கள் இன்றும் அந்தப் பொருளைத் தாங்கி நிற்கின்றன. ‘விழித்திரு’ என்று சொல்ல வந்த சொல், இன்று ‘ஓடு’ என்பதற்கும் ‘வீட்டை விட்டு வெளியேறு’ என்பதற்கும் சேர்த்து உழைக்கிறது.

ஓர் எச்சரிக்கைக்குள் இருக்கும் கேள்விகள்

பேரிடர் எச்சரிக்கைகளை உலகெங்கும் ஒரே வடிவில் அனுப்பப் பொது எச்சரிக்கை நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. நம் கைப்பேசிக்கு அரசு அனுப்பும் பேரிடர்ச் செய்திகளுக்கும் அதுதான் அடிப்படை. அந்த நெறிமுறை ஓர் எச்சரிக்கையை மூன்று கேள்விகளாக உடைக்கிறது.

1. எவ்வளவு சீக்கிரம்? உடனடியாகவா, ஒரு மணி நேரத்துக்குள்ளா, பின்னரா?
2. எவ்வளவு கடுமை? உயிருக்கு ஆபத்தா, உடைமைக்குச் சேதமா, வெறும் தொந்தரவா?
3. எவ்வளவு உறுதி? கண்ணால் பார்த்ததா, நடக்கக்கூடியதா, நடந்தாலும் நடக்கலாம் என்பதா?

நான்காவதாக ‘எங்கே, யாருக்கு’ என்ற கேள்வியையும் நான் சேர்ப்பேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் அது மற்ற மூன்றுக்கும் சமமானது. இங்கே ஒரு கடல் இல்லை, இரண்டு கடல்கள். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கத்து மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒரு கரை குளம்போல் கிடக்கும் நாளில் மறு கரையில் அலை அறைந்துகொண்டிருப்பது இங்கே வழக்கமான காட்சி. கடலின் பெயரைச் சொல்லாமல் ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று மட்டும் போடும் செய்தி, இந்தக் கரையில் அரைச் செய்திதான்.

இனி ஒவ்வொரு துறையும் இந்தச் சொற்களை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்க்கலாம்.

நிறங்கள்: மழைக்கான வரிசை

இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக வெளியிடும் தினசரி எச்சரிக்கையில் நான்கு நிறங்கள் உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொல் கட்டப்பட்டிருக்கிறது.

1. பச்சை: எச்சரிக்கை எதுவும் இல்லை.
2. மஞ்சள்: வாட்ச். நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள்.
3. ஆரஞ்சு: அலர்ட். தயாராக இருங்கள்.
4. சிவப்பு: வார்னிங். செயலில் இறங்குங்கள்.

ஆக, அலர்ட் என்பது ஆரஞ்சுக்கு மட்டும் உரிய சொல். ‘யெல்லோ அலர்ட்’, ‘ரெட் அலர்ட்’ என்று ஊடகங்கள் சொல்வது இந்த வரிசையை முறித்துப்போட்ட வழக்கு. மஞ்சளைக் கவனம் என்றும், ஆரஞ்சை ஆயத்தம் என்றும், சிவப்பை எச்சரிக்கை என்றும் தமிழில் எழுதினால் வரிசை ஒழுங்காக நிற்கும்.

நிறத்துக்கு அடிப்படை மழையின் அளவு மட்டும் அல்ல. மழை பெய்வதற்கான வாய்ப்பும், பெய்தால் அந்த மாவட்டத்தில் ஏற்படக்கூடிய பாதிப்பும் சேர்ந்துதான் நிறம் முடிவாகிறது. ஏற்கெனவே நான்கு நாள் ஊறிக் கிடக்கும் ஊருக்குக் குறைந்த மழைக்கும் ஆரஞ்சு வரலாம்.

மழையின் அளவுக்குத் தனிச் சொற்கள் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை; அதற்கு மேல் போனால் அதி கனமழை. பேச்சுத் தமிழில் ‘மிக’வும் ‘அதி’யும் ஒன்றுதான். வானிலை அறிக்கையில் ‘அதி’ ஒரு படி மேலே இருக்கிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அதி கனமழைக்கான எல்லையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. வறட்சிக்குப் பெயர்போன, ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சென்டிமீட்டர் அளவில் மட்டுமே மழை பெறும் மாவட்டத்தில், அதில் பாதி ஒரே நாளில் இறங்கியது. புயல் எதுவும் இல்லாமல் இது நடந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வருவோம்.

புயலுக்கு வேறு வரிசை

புயல் உருவாகும் அறிகுறி தெரிந்தால் வானிலை ஆய்வு மையம் நான்கு கட்டமாக அறிக்கை தருகிறது.

1. முதல் கட்டம், சுமார் 72 மணி நேரத்துக்கு முன். இதன் பெயர் முன்-புயல் வாட்ச். மத்திய அமைச்சரவைச் செயலர், மாநிலத் தலைமைச் செயலர்கள் போன்ற உயர் அதிகாரிகளுக்கானது.
2. இரண்டாம் கட்டம், கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன். இது புயல் அலர்ட். நிறம் மஞ்சள்.
3. மூன்றாம் கட்டம், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன். இது புயல் வார்னிங். நிறம் ஆரஞ்சு.
4. நான்காம் கட்டம், கரையைக் கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரத்துக்கு முன். இதன் பெயர் கரைகடந்த பின்னரான அவுட்லுக். நிறம் சிவப்பு.

இங்கேதான் வாசகர் திணறிப்போகிறார். மழை வரிசையில் அலர்ட் ஆரஞ்சு. புயல் வரிசையில் அலர்ட் மஞ்சள். மழை வரிசையில் வார்னிங் சிவப்பு. புயல் வரிசையில் வார்னிங் ஆரஞ்சு. ஒரே அலுவலகம், ஒரே சொற்கள், ஒரே நிறங்கள், ஆனால் இணைப்பு மட்டும் மாறிவிட்டது. இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக வந்தவை.

நான்காம் கட்டத்தின் பெயரைக் கூர்ந்து பாருங்கள். அவுட்லுக் என்பது இந்தக் குடும்பத்திலேயே மிக மென்மையான சொல்; ‘இனி எப்படி இருக்கும் என்ற பார்வை’ என்பதற்கு மேல் அதில் கடுமை கிடையாது. ஆனால் சிவப்பு நிறத்தோடு, புயல் வாசலில் நிற்கும்போது வருவது அதுதான். புயல் கரையேறியபின் உள்மாவட்டங்களில் என்ன ஆகும் என்று சொல்வது அதன் வேலை என்பதால் அப்படிப் பெயர் வைத்தார்கள். சொல்லின் ஓசையை வைத்து ஆபத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பாம்பன் கூண்டு: 1 முதல் 11 வரை

துறைமுக எச்சரிக்கை முறை இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியதைத் தொடர்ந்து, 1865இல் அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை அளிக்கும் ஏற்பாடு தொடங்கியது. இந்திய வானிலைத் துறையே 1875இல்தான் பிறந்தது. துறைமுகத்தில் உயரமான கம்பத்தில் பகலில் கூண்டு போன்ற கறுப்பு வடிவங்களும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏற்றப்படும். வடிவங்களின் அமைப்பையும் விளக்குகளின் வரிசையையும் பார்த்தே கப்பலில் இருப்பவர் எண்ணைத் தெரிந்துகொள்வார். வானொலி இல்லாத காலத்துக் கப்பல்களுக்காக ஏற்பட்ட மொழி இது. பாம்பன் இன்று தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழ் உள்ள சிறு துறைமுகம். சென்னையிலிருந்து வானிலைத் துறை தகவல் அனுப்ப, துறைமுக அலுவலகம் கூண்டை ஏற்றுகிறது.

எண்களின் பொருள் இதுதான்:

1. தூர முன்கவனம். கடலில் வெகுதொலைவில் தாழ்வு மண்டலம் இருக்கிறது. துறைமுகத்துக்குப் பாதிப்பு இல்லை.
2. தூர எச்சரிக்கை. வெகுதொலைவில் புயல் இருக்கிறது. புறப்படும் கப்பல்கள் கவனிக்க வேண்டும்.
3. உள்ளூர் முன்கவனம். பலத்த காற்று போன்ற மோசமான வானிலை துறைமுகத்தைத் தொடக்கூடும்.
4. உள்ளூர் எச்சரிக்கை. கடலில் உள்ள புயல் பின்னர் துறைமுகத்தைப் பாதிக்கக்கூடும்.
5. அபாயம். துறைமுகம் புயலின் இடப்பக்கம் இருக்கும்படி புயல் கரையைக் கடக்கும்.
6. அபாயம். துறைமுகம் புயலின் வலப்பக்கம் இருக்கும்படி கடக்கும்.
7. அபாயம். துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும்.
8. பெரும் அபாயம். தீவிரப் புயல், துறைமுகத்தை இடப்பக்கம் விட்டு.
9. பெரும் அபாயம். தீவிரப் புயல், துறைமுகத்தை வலப்பக்கம் விட்டு.
10. பெரும் அபாயம். தீவிரப் புயல், துறைமுகத்தின் மேலோ அருகிலோ.
11. புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது.

எண் ஏறினால் ஆபத்தும் ஏறும் என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் நான்கு எண்கள் இரண்டு தனித்தனி அளவுகளைச் சேர்த்துச் சொல்கின்றன. தூரம், உள்ளூர் என்பது ஒன்று. காஷன் (முன்கவனம்), வார்னிங் (எச்சரிக்கை) என்பது மற்றொன்று. ஒன்றும் மூன்றும் காஷன். இரண்டும் நான்கும் வார்னிங். ஆகவே பாம்பனில் இரண்டு இறங்கி மூன்று ஏறினால், கடலில் இருப்பது வலுத்துவிட்டது என்று பொருள் இல்லை. மோசமான வானிலை நம் கரையைத் தொடப்போகிறது என்பதே செய்தி. மூன்றாம் எண் ஏற்றும்போது புயல் என்று ஒன்று இல்லாமலே இருக்கலாம். அப்போதும் செய்தியில் அது ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’தான்.

ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு அபாயம்; திசை மட்டும் வேறு. எட்டு, ஒன்பது, பத்தும் அப்படியே.

இடம், வலம் ஏன் முக்கியம்? நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, நம் பக்கத்தில், புயற்காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். கிழக்கிலிருந்து மேற்கே நகரும் புயலின் வலப்பக்கம், அதாவது வடபுறம், காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கித் தண்ணீரைத் தள்ளும். இடப்பக்கம் நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளும். நேரான கிழக்குக் கடற்கரையில் இருக்கும் துறைமுகத்துக்கு ஐந்தைவிட ஆறில் கடல் ஏறி வரும் ஆபத்து அதிகம் என்பது இதனால்தான்.

ராமேஸ்வரம் தீவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தீவு கிழக்கு மேற்காக நீண்டு, இரு பக்கமும் கடலைக் கொண்டிருக்கிறது. புயல் தீவுக்கு வடக்கே கடந்தால், முதலில் வடமேற்குக் காற்று பாக் விரிகுடாத் தண்ணீரை வடகரையில் ஏற்றும். புயல் மேற்கே நகர நகரக் காற்று தென்மேற்குக்குத் திரும்பி மன்னார் வளைகுடாத் தண்ணீரைத் தென்கரையில் ஏற்றும். தெற்கே கடந்தால் வாடையில் தொடங்கும் காற்று கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகி, பிறகு தென்கிழக்குக்குத் திரும்பும். எப்படி வந்தாலும் தீவின் ஏதோ ஒரு கரை காற்றுக்கு எதிரே நிற்கும். ‘ஐந்துதானே’ என்று பாம்பனில் யாரும் இருந்துவிட முடியாது.

பதினொன்று கடைசி எண் என்பதால் அதையே உச்சகட்ட ஆபத்து என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். புயலின் வலிமையைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை. ‘இனி எங்களுக்குத் தகவல் வராது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் அதன் பொருள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த எண் ஏன் வேண்டும் என்று விளங்கும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653 பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அலைக்குள் போனது. தந்தியும் தொலைபேசியும் அறுந்து, ஊர் அழிந்த செய்தி வெளியே வர நேரம் பிடித்தது. தகவல் வராமல் போவதும் ஓர் ஆபத்து என்று இந்தக் கடற்கரை பட்டு அறிந்தது.

காற்றின் பெயர்களும் ரயிலின் மஞ்சளும்

புயலுக்கு முந்தைய நிலைகளின் பெயர்கள் காற்றின் வேகத்தை வைத்து வருபவை. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62இல் புயல் என்ற பெயர் கிடைக்கிறது. 89இல் தீவிரப் புயல். மழையைப் பற்றி இந்தப் பெயர்கள் எதையும் சொல்வதில்லை.

2020 டிசம்பர் தொடக்கத்தில் வந்த புரெவி இதற்குச் சான்று. இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்த புயல், ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக இளைத்து, ராமநாதபுரம் கரைக்கு அருகே அசையாமல் மணிக்கணக்கில் நின்றது. ‘புயல் வலுவிழந்தது’ என்று தலைப்பு வந்தது, அது உண்மையும்கூட. ஆனால் அதே நாட்களில் காவிரிப் படுகையிலும் கடலூர்ப் பக்கத்திலும் வெள்ளம் சூழும் அளவுக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. காற்று வரிசையில் ஒரு படி இறங்கியதை மழை வரிசையிலும் இறங்கியதாகப் படித்தவர்கள் ஏமாந்தார்கள்.

ரயில்வேக்கு இன்னொரு மொழி. அங்கே மஞ்சள் விளக்கு காஷன்: அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா என்று ஓட்டுநருக்குச் சொல்வது. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடங்களுக்கு எழுத்தில் கொடுக்கும் தாளும் காஷன் ஆர்டர்தான். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் காற்றுமானி பொருத்தப்பட்டிருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பானது, ரயில் நின்றது. அந்த வேகத்தை மேலே உள்ள வரிசையில் வைத்துப் பாருங்கள். கடலில் இருந்தது இன்னும் ‘புயல்’ என்ற பெயரைப் பெறாத நிலையிலேயே பாலம் மூடப்பட்டது. ‘புயல் இல்லை என்கிறார்கள், ரயிலை ஏன் நிறுத்தினார்கள்’ என்று மண்டபத்தில் எழுந்த கேள்விக்கு விடை இதுதான். பெயர் வானிலைத் துறையுடையது. எல்லை அந்தப் பாலத்துக்கு உரியது.

கடலுக்குள் ஒரு வரிசை

அலைக்கும் சுனாமிக்கும் பொறுப்பு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் கடல்சார் தகவல் சேவை மையம். சுனாமிக்கு அது பயன்படுத்தும் படிகள் எளியவை. கரையில் எதிர்பார்க்கும் அலை 2 மீட்டருக்கு மேல் என்றால் வார்னிங். மக்கள் மேடான இடத்துக்குப் போக வேண்டும். அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரை அலர்ட்; கரையையும் தாழ்வான இடங்களையும் விட்டு விலக வேண்டும். அதற்கும் கீழே என்றால் வாட்ச்; உடனடியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. இங்கே மூன்று சொற்களும் முதன்மையாக நேரத்தைக் குறிக்கவில்லை, உறுதியையும் குறிக்கவில்லை. அலையின் உயரத்தையும் அதற்கு ஏற்ப மக்கள் செய்ய வேண்டியதையும் குறிக்கின்றன.

உயர் அலை, கள்ளக்கடல் ஆகியவற்றுக்கும் இதே மையம்தான் அறிக்கை தருகிறது. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தொலைதூரத்தில் எழும் பேரலைகள் பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத வெயில் நாளில் கரையேறுவது கள்ளக்கடல். அதற்குப் புயல் கூண்டு ஏறாது. மழை நிறமும் மாறாது. கைப்பேசியில் வரும் அந்த ஒரு செய்திதான் அறிவிப்பு. மற்ற மூன்றையும் பார்த்துவிட்டு ‘வானம் தெளிவாகத்தானே இருக்கிறது’ என்று கடலில் இறங்குபவருக்கு அதுதான் ஆபத்து.

மீனவர் எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

வழக்கமான வாசகம் ஒன்று: ‘மன்னார் வளைகுடா, தென்தமிழகக் கடலோரப் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்; மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்.’

இதில் நான்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. இடம். மன்னார் வளைகுடா என்று இருக்கிறது; பாக் விரிகுடா இல்லை. பாம்பன் தெற்குவாடிப் படகுகளுக்கு இது நேரடிச் செய்தி.
2. சொல். இங்கே சூறாவளிக்காற்று என்பது திடீரென வலுத்து வீசும் பலத்த காற்று. புயல் அல்ல. அகராதியில் சூறாவளிக்குப் புயல் என்ற பொருளும் இருப்பதால் ஆண்டுதோறும் இந்த வரி பீதியைக் கிளப்புகிறது.
3. இரண்டு வேகங்கள். 55 வரை என்பது நீடித்து வீசுவது. 65 என்பது இடையில் வந்து அடிக்கும் வீச்சு. நாட்டுப்படகையும் வத்தையையும் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்.
4. தேதி. இந்த எச்சரிக்கை நாள்வாரியாகவும் பகுதிவாரியாகவும் வருகிறது. நேற்றைய வாசகத்தை இன்றைக்குப் பகிர்வது குழப்பத்தின் பெரிய ஊற்று.

இந்த எச்சரிக்கை வந்ததும் மீன்வளத் துறை விசைப்படகுகளுக்கு, கடலுக்குச் செல்வதற்கான அனுமதிச் சீட்டான டோக்கன் கொடுப்பதை நிறுத்துகிறது. அப்போதுதான் அறிவுரை என்ற நிலையிலிருந்து அது தடை என்ற நிலைக்கு மாறுகிறது. ஆங்கிலத்தில் அட்வைசரி என்று தொடங்கும் ஒரு தாள், ராமேஸ்வரம் துறைமுகத்தில் டோக்கன் நின்றவுடன் உத்தரவாகிவிடுகிறது.

செய்தி எழுதுபவர்கள் செய்யக்கூடியது

இதில் என் கருத்து உறுதியானது. புதிய கலைச்சொற்களை உருவாக்கி அரசாணை போட வேண்டியதில்லை. இருக்கும் சொற்களையே பிரித்துப் போட்டால் போதும். வாட்சைக் கவனம் என்றும், அலர்ட்டை ஆயத்தம் என்றும், வார்னிங்கை எச்சரிக்கை என்றும், துறைமுகத்தின் ஐந்து முதல் பத்து வரையான எண்களை அபாயம், பெரும் அபாயம் என்றும் எழுதலாம். கூண்டின் எண்ணைப் போடும்போது அதன் பொருளையும் ஒரே வரியில் சேர்த்துவிட வேண்டும்: ‘மூன்றாம் எண், அதாவது பலத்த காற்று துறைமுகத்தைத் தொடக்கூடும்’ என்று. புயல் உருவாகாத நாளில் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்பதைத் ‘துறைமுக எச்சரிக்கைக் கூண்டு’ என்று மாற்றினால், ஏழாம் எண் ஏறும் நாளில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு மிச்சம் இருக்கும். நிறத்தைச் சொன்னால் அது மழைக்கா, புயலுக்கா என்று சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் கூடுதலாக ஆறேழு வார்த்தைகள் போதும். அந்த ஆறேழு வார்த்தைகளுக்கு நாளிதழில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கூண்டு இறங்கிய பிறகு

‘பாம்பனில் கூண்டு இறக்கப்பட்டது’ என்ற செய்தியையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். அது துறைமுகத்துக்கான சிக்னல் விலக்கப்பட்டதை மட்டும் சொல்கிறது. மாவட்டத்துக்கான மழை நிறம் அதோடு மாறியிருக்க வேண்டியதில்லை. அது தனி அறிக்கையில் வரும். மீனவர் எச்சரிக்கைக்கு ஒவ்வொரு கடற்பகுதிக்கும் தனி முடிவுத் தேதி இருப்பதால், பாக் விரிகுடாப் படகுகளுக்கு டோக்கன் கொடுக்கத் தொடங்கிய நாளிலும் மன்னார் வளைகுடா மூடியே இருக்கலாம். காற்று தணிந்த பிறகும் அலை ஒன்றிரண்டு நாள் அடங்காமல் நிற்பதுண்டு. அதை இன்காய்ஸ் அறிக்கைதான் சொல்லும். படகை அவிழ்ப்பவர் பார்க்க வேண்டியவை இவை: தன் கடற்பகுதிக்கான மீனவர் எச்சரிக்கையின் தேதி, அலை அறிக்கை, டோக்கன். வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியது மாவட்டத்தின் நிறம். கூண்டு, கப்பல் ஓட்டுபவருக்கு.